வடிகட்டாத காப்பி

மஞ்சக்குட்டைக்கு மேலே இருந்த அந்த எஸ்டேட்டில் டிஸ்பென்சரி என்றால் சாந்தாமேரி, சாந்தாமேரி என்றால் டிஸ்பென்சரி. ஓடு போட்ட ஒற்றை அறை. ஒரு மேசை, ஒரு பெஞ்சு, கண்ணாடிக் கதவு வைத்த அலமாரி, சுவரில் மாதா படம். வாரத்துக்கு ஒரு நாள் ஏற்காட்டிலிருந்து டாக்டர் வருவார். மழை பெய்தால் வரமாட்டார். அந்த மலையில் மழை பெய்யாத வாரம் எது? ஆகவே மற்றபடி அவள் ராஜ்யம்தான்.

பிறந்ததும் அதே எஸ்டேட்டில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில். அப்பாவுக்குப் பல்பர் ஹவுஸில் வேலை. காப்பிப் பழத்தைத் தோல் உரித்து, கழுவி, களத்தில் காயப்போடுகிற இடம் அது. நடக்கத் தெரிந்த நாள் முதல் சாந்தாமேரி கொட்டைக் குவியலில் விளையாடியவள். கண்ணை மூடிக்கொண்டு கையை விட்டாலே, கொட்டை எத்தனை வெயில் கண்டது என்று சொல்லிவிடுவாள் என்று லயத்தில் ஒரு பேச்சு உண்டு. கொஞ்சம் மிகையாக இருக்கலாம். மிஷன் பள்ளிக்கூடத்தில் பத்தாவது முடித்து, கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரியில் இரண்டு வருஷம் நர்சு வேலை பழகிவிட்டு, இருபத்திரண்டு வயதில் இந்த அறைக்குள் வந்தாள். நான் சொல்லப்போகிற 1998-ல் அவளுக்கு நாற்பத்தேழு. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்பவர்களுக்கு, "பொண்ணு பாக்க வந்தவங்க எல்லாம் வயித்து வலின்னாங்க, மாத்திரை குடுத்து அனுப்பிட்டனுங்க" என்பாள்.

வாய் கொஞ்சம் அதிகம்தான். பழகப் போன ஆஸ்பத்திரியிலேயே அந்த வாய் பேர் வாங்கியிருந்தது. ஒரு நாள் சிஸ்டர் பாடம் நடத்தினார்: இரைப்பையில் புண்ணாகி ரத்தம் கசிந்தால் அது உள்ளேயே ஊறிக் கறுத்துவிடும், வாந்தி எடுத்தால் காப்பித்தூள் போல வரும், மலம் தார் போல இருக்கும், இதை மறக்கவே கூடாது. சாந்தாமேரி எழுந்து, "எங்க மலையில யாரு வாந்தி எடுத்தாலும் அப்படித்தான் வரும் சிஸ்டர்" என்றாள். வகுப்பே சிரித்தது. சிஸ்டரும் சிரித்துவிட்டார். அவள் சொன்னதில் பொய் இல்லை. மலைக் கிராமங்களில் காப்பித்தூளைத் தண்ணீரோடு போட்டு, வெல்லம் தட்டிக் கொதிக்கவைத்து, அப்படியே சொம்பில் ஊற்றுவார்கள். வடிகட்டுகிற வழக்கம் கிடையாது. கசடு அடியில் தங்கும், கடைசி இரண்டு மிடறு பல்லில் நெறநெறக்கும். அதையும் விடாமல் குடிப்பவர்கள்தான் அதிகம்.

அந்தப் பாடத்தைச் சிரிப்போடு சேர்த்துக் கற்றுக்கொண்டதுதான் அவள் செய்த முதல் தப்பு என்று பின்னால் அவளுக்குத் தோன்றியது. அது கிடக்கட்டும்.

பொன்னுவேல் எஸ்டேட் ஆள் இல்லை. எஸ்டேட்டுக்குப் பின்னால், இரண்டு மேடு தாண்டி இருக்கிற ஊரில் சொந்தமாக ஒன்றரை ஏக்கர் காப்பியும் மிளகும் வைத்திருந்தவர். ஐம்பத்திரண்டு வயது. மிளகுக் கொடி ஏறியிருக்கும் சில்வர் ஓக் மரங்களில் ஒற்றை மூங்கில் ஏணியைச் சாய்த்து, நாற்பதடி உயரத்தில் நின்று மிளகு பறிப்பதில் அவரை அடிக்க ஆள் இல்லை. கிராமத்து ஆட்களுக்கு டிஸ்பென்சரியில் மருந்து கொடுக்கக் கூடாது என்று மானேஜர் சொல்லியிருந்தார். சாந்தாமேரி தலையாட்டிவிட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு முந்தின டிசம்பர் கடைசியில், காப்பிப் பழம் பறிப்பு மும்முரமாக இருந்த ஒரு காலையில், பொன்னுவேல் டிஸ்பென்சரி வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். முகமெல்லாம் வேர்வை. சாந்தாமேரி ஒரு கணம் கூட யோசிக்கவில்லை. ஆஸ்பிரின் மாத்திரையை அவர் வாயில் போட்டு மென்று விழுங்கச் சொன்னாள், ரத்தக்குழாயை விரிக்கிற இன்னொரு மாத்திரையை நாக்குக்கு அடியில் வைத்தாள், வாடகைக்கு ஜீப் ஓட்டும் மாதப்பனைக் கூப்பிட்டுச் சேலத்துக்கு ஏற்றிவிட்டாள். அங்கே சில நாள், பிறகு கோயமுத்தூர். ரத்தக்குழாய் அடைப்பைத் திறந்து, அது மறுபடி மூடாமல் இருக்க உள்ளே கம்பிச் சுருள் ஒன்றை வைத்து அனுப்பினார்கள். ஸ்டென்ட் என்பது அதன் பேர். ஊருக்குள் அதற்கு ஸ்பிரிங் என்று பேராயிற்று. கோயமுத்தூர் டாக்டர் பொன்னுவேலின் மனைவி கண்ணாயியிடம், "யாரும்மா அந்த மாத்திரையை முதலில் கொடுத்தது? அவங்க கையைக் கும்பிடுங்க" என்று சொல்லியிருந்தார்.

கண்ணாயி சொன்னதைச் செய்கிறவள். ஊர் வந்து சேர்ந்த அன்றே நேராக டிஸ்பென்சரிக்கு வந்து, சாந்தாமேரியின் இரண்டு கையையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஒரு சீப்பு மலைவாழைப் பழத்தை மேசைமேல் வைத்தாள். பெஞ்சில் இருந்த பெண்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாந்தாமேரிக்கு வாழ்க்கையில் அதைவிடப் பெரிய நாள் இல்லை. ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன் என்று யாராவது கேலி பேசினால், "நான் கால் வைத்தியச்சிதானுங்க, எனக்கு ஐநூறு பேருதான்" என்று பதில் சொல்லித் திரிந்தவள் அவள். அன்றிலிருந்து அந்தக் கேலி அவள் வாயில் வரவில்லை. கொஞ்சம் பெருமை தலைக்கு ஏறியிருந்தது என்றே சொல்லலாம்.

கோயமுத்தூர்ச் சீட்டில் தெளிவாக எழுதியிருந்தது. ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரை: ஒன்று ஆஸ்பிரின், இன்னொன்று பெரிய வெள்ளை மாத்திரை. முதல் முப்பது நாள் ஒரு வேளை கூடத் தவறக் கூடாது. தவறினால் ஸ்பிரிங்குக்குள் ரத்தம் கட்டிக்கொள்ளும், அப்படிக் கட்டினால் ஆள் பிழைப்பது கஷ்டம். சாந்தாமேரி இதைத் தன் பொறுப்பாக எடுத்துக்கொண்டாள். "உசுரே போனாலும் இந்த ரெண்டு மாத்திரைய உடப்படாதுங்ணா" என்று பொன்னுவேலிடம் சொன்னாள். அவர் சிரித்துக்கொண்டே, "உசுரு போனதுக்கப்புறம் எதுக்குங் நர்சம்மா மாத்திரை" என்றார்.

தை பிறந்தது. மிளகுப் பறிப்புக் காலம். ஏணிக் கணுவில் நாளெல்லாம் நின்று உள்ளங்கால் கன்றிப் போனவர்களும் இடுப்புப் பிடித்தவர்களும் டிஸ்பென்சரிக்கு வரிசை கட்டுவார்கள். சாந்தாமேரி சிவப்பு நிற வலி மாத்திரையை நாளைக்கு இரண்டு என்று காகிதத்தில் மடித்து மடித்துக் கொடுப்பாள். வருஷா வருஷம் நடப்பது. அந்த வரிசையில் ஒரு நாள் பொன்னுவேலும் வந்து நின்றார்.

"ஏணியில ஏறினீங்களா?" என்று அதட்டினாள்.

"இல்லீங். கீள நின்னு ஆளுங்களப் பாத்துக்கிறேன், அவ்வளவுதானுங். காலுதான் வலிக்குதுங்."

உண்மையில் அவருக்கு வலித்தது தொடை இடுக்கு. ஸ்டென்ட் வைக்கக் குழாய் விட்ட இடம் கன்றி, கறுத்து, வீங்கி இருந்தது. அதைப் போய் ஒரு பொம்பளையிடம் எப்படிச் சொல்வது என்று கூச்சப்பட்டு, கால் என்றார். அவளும் மிளகுக்கால் வலி என்று நினைத்துக்கொண்டு பத்து நாளைக்கு மடித்துக் கொடுத்தாள். அவர் என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று ஊரிலேயே அவளுக்குத்தான் நன்றாகத் தெரியும். ஆஸ்பிரினோடு வலி மாத்திரை சேர்ந்தால் வயிற்றைப் புண்ணாக்கும் என்பதும் அவளுக்குத் தெரியும். தெரிந்த இரண்டும் அந்த நிமிஷத்தில் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவில்லை. வரிசையில் இன்னும் பதினாலு பேர் இருந்தார்கள்.

அடுத்த வாரம் பொன்னுவேலின் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று யாரும் பார்க்கவில்லை. மலம் கறுத்திருக்க வேண்டும். அதைப் பார்ப்பதற்கு வெளிச்சம் வேண்டுமே? அந்த ஊரில் ஆண் பெண் எல்லாரும் விடிவதற்கு முன் சொம்பை எடுத்துக்கொண்டு காப்பிச் செடிகளுக்குள் போய்வருகிறவர்கள். இருட்டில் போய் இருட்டில் திரும்புகிறவனிடம் நிறம் கேட்டால் அவன் என்ன சொல்வான்?

புதன்கிழமை சாந்தாமேரி அவர்கள் வீட்டுக்குப் போனாள். மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று பார்க்கத்தான். பொன்னுவேல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். தண்ணீர்க் குழாய் வரை நடந்தாலே மூச்சு வாங்குகிறது என்றார். கண்ணாயி, "காத்தால ஒருக்கா வாந்தி எடுத்தாருங் நர்சம்மா. குடிச்ச காப்பி குடிச்ச மாதிரியே வந்துருச்சு" என்றாள். முற்றத்து ஓரத்தில் அவள் மண் அள்ளிப் போட்டிருந்த இடத்தில் கொஞ்சம் மிச்சம் தெரிந்தது. கறுப்பும் பழுப்புமாக, பொடிப் பொடியாக. சாந்தாமேரி அதைப் பார்த்தாள்.

"கசடு வரைக்கும் குடிச்சா அப்படித்தான். வெறும் வயித்துல காப்பி வேண்டாம்ணா" என்றாள்.

மூச்சு வாங்குவதற்கு இதயம்தான் காரணம் என்று அவள் மனசில் முடிவாகியிருந்தது. பிரஷர் பார்க்கக் கருவி எடுத்து வரவில்லை. செவ்வாய்க்கிழமை தவறாமல் கர்ப்பிணிப் பெண்களை வரிசையாக நிறுத்தி, கீழ் இமையை இழுத்து, ரத்தம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிறவள், அந்தப் புதன்கிழமை பொன்னுவேலின் இமையை இழுத்துப் பார்க்கவில்லை. "மாத்திரைய மட்டும் உட்றாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவர் விடவில்லை. சிவப்பையும் சேர்த்து விடவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு, யாரிடமும் சொல்லி அனுப்பாமல் கண்ணாயியே ஓடி வந்தாள். பொன்னுவேலுக்கு மறுபடி நெஞ்சு வலி. மாதப்பன் ஜீப்பைத் திருப்பினார். அவர்கள் போய்ச் சேர்ந்தபோது பொன்னுவேல் கட்டிலில் கிடந்தார். அதே வேர்வை. கை ஜில்லென்று இருந்தது. ஸ்பிரிங் அடைத்துக்கொண்டது என்றே சாந்தாமேரி நினைத்தாள். அப்போது அவளுக்கு வந்தது பயம் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியும் என்கிற ஒரு தெம்புதான் வந்தது. ஆஸ்பிரினை வாயில் போட்டு மெல்லச் சொன்னாள். நாக்குக்கு அடியில் மற்ற மாத்திரையை வைத்தாள். போன தடவை காப்பாற்றியது எதுவோ அதையே அட்சரம் பிசகாமல் செய்தாள். இரண்டு நிமிஷத்தில் பொன்னுவேலின் கண் மேலே செருகியது. தலை அவள் தோளில் சாய்ந்தது.

ஜீப்பின் பின்னால் அவரைப் படுக்கவைத்து, தலையை மடியில் வைத்துக்கொண்டாள். கண்ணாயி காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ஏற்காட்டைக் கடந்து மலை இறங்கத் தொடங்கியதும் வளைவுகள். மொத்தம் இருபது கொண்டை ஊசி. மாதப்பன் எத்தனை பதமாக ஓட்டினாலும் உடம்பு ஒரு பக்கம் போகும், வயிறு ஒரு பக்கம் போகும். ஆறாவதோ ஏழாவதோ வளைவில் பொன்னுவேல் குமட்டி, அவள் மடியிலேயே வாந்தி எடுத்தார்.

"காப்பிதானுங்களா?" என்று மாதப்பன் திரும்பாமலே கேட்டார்.

"காப்பியா? இன்னைக்கு அவரு காப்பியே குடிக்கலியே. வேண்டாம்னுட்டாரு" என்றாள் கண்ணாயி.

சாந்தாமேரி குனிந்து பார்த்தாள். பிறகு விரலில் தொட்டுத் தேய்த்தாள். பல்பர் ஹவுஸில் வளர்ந்த விரல் அது. காப்பியாக இருந்தால் நெறநெறக்க வேண்டும். நெறநெறக்கவில்லை. விரலோடு வழவழவென்று இழுபட்டது. வெள்ளைச் சேலையில் அது ஊறிய இடத்தின் ஓரம் மெல்லச் சிவப்பாகப் படர்ந்தது. சிஸ்டரின் முகம் நினைவுக்கு வந்தது, வகுப்பு சிரித்த சிரிப்பு நினைவுக்கு வந்தது, புதன்கிழமை முற்றத்து ஓரம் நினைவுக்கு வந்தது. அவர் கீழ் இமையை இழுத்துப் பார்த்தாள். உள்ளே சுண்ணாம்பு அடித்த சுவர் போல இருந்தது. நெஞ்சுக்கு ரத்தம் போகாமல் வலித்தது நிஜம்தான். குழாய் அடைத்ததால் இல்லை, போவதற்கு உடம்பில் ரத்தம் இல்லாததால். கசிந்துகொண்டிருந்த வயிற்றில் போய் இன்னொரு ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்லியிருக்கிறாள். இறங்கிக் கிடந்த பிரஷரை நாக்கடி மாத்திரை வைத்து இன்னும் இறக்கியிருக்கிறாள்.

மிச்சமிருந்த வளைவுகளை அவள் எண்ணவில்லை. "ஏனுங் நர்சம்மா, பொளச்சுக்குவாருங்களா?" என்று கண்ணாயி கேட்டுக்கொண்டே வந்தாள். வாயாடி என்று பேர் வாங்கியவள் சேலம் வரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை.

சேலத்தில் அவர்கள் போனது ஒரு தனியார் ஆஸ்பத்திரி. வயிற்று நோய்க்கென்றே படித்த டாக்டர் ஒருவர் அங்கே இருந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, மெதுவாகப் பேசுகிறவர். மூக்கு வழியாக வயிற்றுக்குக் குழாய் விட்டார்கள். கறுப்பு வந்தது, பின்னாலேயே சிவப்பு வந்தது. ரத்தம் பதினாலு இருக்க வேண்டிய இடத்தில் ஐந்து இருந்தது. ஏற்றுவதற்கு ரத்தம் வேண்டும் என்றார்கள். மாதப்பனின் ரத்தம் பொருந்தியது. பயந்துகொண்டே போய்ப் படுத்தார்.

டாக்டர் கோயமுத்தூர்ச் சீட்டை இரண்டு தரம் படித்தார். பிறகு நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, கண்ணாயியையும் சாந்தாமேரியையும் நிற்கவைத்துச் சொன்னார்.

"ஸ்டென்ட் வெச்சு இன்னிக்குப் பத்தொன்பதாவது நாள். இந்த ரெண்டு மாத்திரையும் ரத்தத்தைக் கட்டவிடாது. அதனாலதான் புண்ணு நிக்காம ஒழுகுது. ரெண்டையும் நிறுத்தினா ரத்தம் நிக்கும். ஆனா ஸ்டென்ட் அடைச்சுக்கலாம். நிறுத்தலைன்னா இங்கேயே ரத்தம் போய்ப் போயிடுவார். எனக்கு வேற வழி தெரியலைம்மா. ரெண்டு மாத்திரையால வந்த புண்ணுன்னா, ரெண்டையும் நிறுத்தித்தான் ஆகணும்."

கண்ணாயிக்கு இதில் பாதி புரியவில்லை. அவள் டாக்டரைப் பார்க்கவே இல்லை, சாந்தாமேரியைத்தான் பார்த்தாள். "எனக்கு என்னங் தெரியும். எங்க நர்சம்மா சொன்னாச் சரிங். அவருக்கு உசுரு குடுத்ததே அவங்கதானுங்."

சாந்தாமேரி அந்த இடத்தில் சும்மா இருந்திருக்கலாம். மலைக்குக் கீழே இருக்கிற எவனுக்கும் அவளைத் தெரியாது. மாத்திரை மடித்துக் கொடுத்த காகிதத்தில் பேர் எழுதியிருக்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரி எழுதிய மாத்திரையால் வந்த வினை என்று சீட்டில் எழுதிக்கொள்வார்கள், அதோடு முடிந்துவிடும். இரண்டு மாத்திரையும் நிற்கும். பிறகு ஸ்பிரிங் அடைத்துக்கொண்டால் அதுவும் விதி என்று ஆகிவிடும். இத்தனையும் அவள் மனசில் ஓடியது. ஓடவில்லை என்று அவளே எந்தக் காலத்திலும் சொன்னதில்லை.

"டாக்டர், அந்த ரெண்டால மட்டும் வந்ததில்லீங்க" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "நான் வலி மாத்திரை குடுத்தேன். ஒன்பது நாளா நாளைக்கு ரெண்டு. சிவப்பு மாத்திரை."

டாக்டர் நிமிர்ந்தார். "என்ன மாத்திரை?"

பேரைச் சொன்னாள். "புதன்கிழமையே வாந்தி வந்துச்சுங்க. நானே பாத்தேன். காப்பிக் கசடுன்னு நினைச்சுட்டேன். இன்னிக்குக் காலையில நெஞ்சு வலின்னதும் இன்னொரு முழு ஆஸ்பிரினும் குடுத்துட்டேன். நாக்குக்கு அடியிலயும் வெச்சேன். எல்லாம் நான்தானுங்க."

டாக்டர் கோபப்படுவார் என்று நினைத்தாள். அவர் கோபப்படவில்லை. "நீங்க எத்தனை வருஷமா நர்சு?" என்று மட்டும் கேட்டார். "இருபத்தஞ்சு" என்றாள். ஒரு அறை வாங்கியிருந்தால் அது லேசாக இருந்திருக்கும்.

கண்ணாயியின் பக்கம் அவள் திரும்பவில்லை. பக்கத்தில் வளையல் சத்தம் கேட்டது. இத்தனை நேரம் தன் முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்த கை விலகியது அவளுக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு டாக்டர் மளமளவென்று வேலை செய்தார். கோயமுத்தூருக்கு எஸ்.டி.டி. போன் போட்டார். இதய டாக்டரோடு பத்து நிமிஷம் இங்கிலீஷில் பேசினார். வந்து சொன்னதன் சாரம் இதுதான்: வலி மாத்திரைதான் பெரிய எதிரி, அது நின்றாயிற்று. புண் புதிசு, ஆகவே ஆறக்கூடியது. குழாயை விட்டுப் பார்த்து, ஒழுகுகிற வாயை ஊசி போட்டு அடைத்துவிட்டால், இரண்டு மாத்திரையையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்பிரின் சின்ன அளவில் தொடரும். பெரிய வெள்ளையை மூன்று நாள் மட்டும் நிறுத்தி, மறுபடி ஆரம்பிக்கலாம். அமிலத்தைக் கட்டுப்படுத்த மருந்து ஏறும். மூன்று நாளில் வயிறும் ஒழுகக் கூடாது, ஸ்டென்ட்டும் அடைக்கக் கூடாது. "ரெண்டு பக்கமும் பள்ளம். நடுவுல நடக்கிறோம்" என்றார். போகிற போக்கில் சாந்தாமேரியைப் பார்த்து, "நீங்க சொல்லலைன்னா ரெண்டையும் நிறுத்தியிருப்பேன்" என்றார். பாராட்டுகிறாரா, திட்டுகிறாரா என்று அவளுக்கு விளங்கவில்லை.

நுனியில் கேமரா வைத்த குழாயை வாய் வழியாக விட்டுப் பார்த்தபோது, இரைப்பையின் வாசலில் புண் இருந்தது. நடுவில் ஒரு ரத்தக்குழாய் துருத்திக்கொண்டு நின்றது. ஊசி போட்டார்கள். நின்றது.

மூன்று நாளும் சாந்தாமேரி அந்த ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாள். மடியில் கறை காய்ந்த அதே சேலை. கண்ணாயியும் அதே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தாள், அந்தக் கோடியில். சாப்பாடு வாங்கி வந்தால் வாங்கிக்கொண்டாள், சாப்பிட்டாள். பேசவில்லை. ஒரே ஒரு தரம், இரண்டாம் நாள் மத்தியானம், "அந்தச் செவப்பு மாத்திரைய நான்தானுங் அவருக்குத் தண்ணி கொண்டாந்து குடுத்தேன். ஒரு வேளை உடாம" என்றாள். தனக்குத்தானே சொல்லிக்கொண்ட மாதிரி இருந்தது. திட்டியிருந்தால் சாந்தாமேரி தாங்கியிருப்பாள். ஜெபமாலையை உருட்டினாள். மாதாவிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் வெறும் மணியை உருட்டிக்கொண்டிருந்தாள்.

நாலாம் நாள் பெரிய வெள்ளை மாத்திரையை மறுபடி கொடுத்தார்கள். வயிறு ஒழுகவில்லை. நெஞ்சு வலிக்கவில்லை. பொன்னுவேல் பிழைத்துக்கொண்டார்.

மலைக்கு வந்த பிறகுதான் சாந்தாமேரிக்கு உண்மையான தண்டனை தொடங்கியது. கண்ணாயி யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் ரத்தம் கொடுத்துக் கிடந்த மாதப்பனுக்கும் எதுவும் தெரியாது. அவருக்குத் தெரிந்ததை அவர் ஜீப்பில் ஏறியவர்களுக்கெல்லாம் சொன்னார்: வளைவில் விரலால் தொட்டே இது ரத்தம் என்று கண்டுபிடித்தது எங்கள் நர்சம்மாதான் என்று. தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று, இரண்டு தரம் எமனை விரட்டியவள் என்று கரடியூர் வரைக்கும் பேர் பரவியது. பெஞ்சில் கூட்டம் கூடிற்று. கிராமத்துப் பெண்கள் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வந்தபோது கையை இழுத்துக்கொண்டாள். அடக்கம் என்று அதற்கும் ஒரு பேர் வைத்தார்கள்.

ஏற்காட்டு டாக்டரிடமும் மானேஜரிடமும் நடந்ததைச் சொன்னாள். டாக்டர் சிவப்பு மாத்திரையை இனி தன்னைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது என்றார். மானேஜர் கிராமத்து ஆளுக்கு ஏன் கொடுத்தாய் என்றுதான் கோபித்துக்கொண்டார். வேலை போகவில்லை. போயிருந்தால் நிம்மதி என்றுகூட அவளுக்குச் சில நாள் தோன்றியது. மாத்திரை மடிக்கும்போது கை நின்று நின்று போயிற்று. வேறென்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், வாந்தி வந்ததா, மலம் என்ன நிறம் என்று ஒவ்வொருவரையும் குடைந்தாள். விடிந்த பிறகு போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்லுங்கள் என்றாள். நர்சம்மாவுக்கு என்ன ஆயிற்று என்று லயத்தில் சிரித்தார்கள். அவள் சேர்ந்து சிரிக்கவில்லை.

பொன்னுவேல் வீட்டுப் பக்கம் அவள் போகவில்லை. கண்ணாயியும் வரவில்லை. மாத்திரை வாங்க ஏற்காட்டுக்கே பஸ் ஏறிப் போனாள் என்று சாந்தாமேரி கேள்விப்பட்டாள். மாசி போயிற்று. பங்குனியில் காப்பி பூத்து, மலை முழுக்க வெள்ளையாகக் கிடந்த ஒரு நாள், டிஸ்பென்சரி வாசலில் பொன்னுவேலே வந்து நின்றார். இளைத்திருந்தார். ஆனால் முகத்தில் ரத்தம் இருந்தது.

"ஏனுங் நர்சம்மா, ஊட்டுப் பக்கமே காணோம்? கண்ணாயி கூட்டியாரச் சொன்னாளுங்."

அவருக்கு எதுவும் தெரியாது என்பது அவர் நின்ற நிலையிலேயே தெரிந்தது. சாந்தாமேரி அலமாரியைப் பூட்டிவிட்டுக் கிளம்பினாள். வழியெல்லாம் அவர் பேசிக்கொண்டே வந்தார். "கண்ணாயி இப்ப என்னைய விடிஞ்சதுக்கப்புறந்தானுங் வெளிய அனுப்புறா. பின்னாலயே வந்து பாக்குறா. மானம் போகுதுங்" என்று சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மூச்சு வாங்காமல் மேடு ஏறுவதைப் பின்னால் நடந்தபடி பார்த்துக்கொண்டே வந்தாள்.

கண்ணாயி அடுப்படியில் இருந்தாள். "வாங்க" என்றாள். முகத்தைப் பார்க்கவில்லை. பலகையை எடுத்துப் போட்டாள். சட்டியில் காப்பி கொதித்தது. வெல்லம் போட்டாள். பிறகு கொடியிலிருந்து வெளுத்த வேட்டித் துணி ஒன்றை எடுத்து, சொம்பின் வாய்மேல் விரித்துப் பிடித்துக்கொண்டு, அதில் காப்பியை ஊற்றினாள். அந்த ஊரில் எந்த வீட்டிலும் சாந்தாமேரி அதைப் பார்த்ததில்லை. கசடு துணியில் தங்கியது. கண்ணாயி அதை மடித்து, முறுக்கிப் பிழிந்து, வெளியே எறிந்துவிட்டு வந்தாள்.

"இவ இப்படித்தானுங், ரெண்டு மாசமா. காப்பியில ருசியே இல்ல" என்றார் பொன்னுவேல்.

கண்ணாயி ஒரு டம்ளரை அவளிடம் நீட்டினாள். அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தாள்.

"இனி இந்த ஊட்டுல காப்பியில கசடு இருக்காதுங் நர்சம்மா. அவரு கறுப்பா வாந்தி எடுத்தா அது காப்பி இல்லீங். பாத்ததும் உங்களுக்குத் தெரிஞ்சிரோணும்."

சாந்தாமேரி டம்ளரை வாங்கிக்கொண்டாள். சூடு விரலைச் சுட்டது. குடித்தாள். கடைசி மிடறு வரைக்கும் குடித்தாள், பல்லில் எதுவும் நெறநெறக்கவில்லை. பிறகு டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, பொன்னுவேலின் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லோணும்" என்று ஆரம்பித்தாள்.